மதுவை வென்ற தொழிலாளி

புனித வாழ்வு வாழ்ந்தவர்கள் என்றவுடன் நம் கண்முன் தோன்றுபவர்கள் யார்? அரண்மனையைத் துறந்த அரசிளங்குமரர்கள், விசுவாசத்துக்காக இரத்தம் சிந்திய வேதசாட்சிகள், கன்னியர் மடங்களில் மறைந்து வாழ்ந்த துறவியர் ஆகியோரே. காய்ப்பேறிய கைகளும் பழைய கோட்டுமாக ஒரு கூலித் தொழிலாளி அந்த வரிசையில் நிற்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் அவர் 16 ஆண்டுகள் மதுக்கடையே கதியென்று கிடந்தவர் என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். அத்தகைய ஒருவரின் வரலாற்றையே இங்கே காணப் போகிறோம். அவர் பெயர் மாட் டால்பட்.

இவரைப் பற்றி நம் மலரில் எழுத நாம் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. குடிக்காதே என்று கெஞ்சாத தாய் உண்டா? அழாத மனைவி உண்டா? அறிவுரை கூறாத உறவினர் உண்டா? இத்தனை பேர் சொல்லியும் விடாத ஒருவன், ஏதோ ஒரு நாளில் விட முன்வருகிறான். அந்த நாளில் அவன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? அவனைத் திருப்புவது எது? திரும்பியவனை மீண்டும் விழாமல் தாங்குவது எது? இக்கேள்விகளுக்கு விடை தேடும் இல்லங்கள் பல. மாட் டால்பட்டின் வாழ்வு அவற்றுக்கு ஓரளவு விடை தருகின்றது.

இளமையும் வீழ்ச்சியும்

அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில், 1856-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் மாட் பிறந்தார். மத்தேயு என்பதே அவரது முழுப்பெயர். மாட் என்பது செல்லமாக அழைத்த பெயர். தந்தை சார்லஸ் டால்பட், துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். தாய் எலிசபெத். 12 குழந்தைகளுள் மாட் இரண்டாமவர். பிறந்த மூன்றாம் நாளே ஞானஸ்நானம் பெற்றார். நகரின் வடபகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் ஒன்றே அவர்களது இருப்பிடம். வறுமை அவ்வீட்டில் நிரந்தர விருந்தாளி. தந்தையும் குடிப்பார், பிள்ளைகள் வளர்ந்தபோது, மூத்தவர் ஒருவரைத் தவிர ஆண்மக்கள் அனைவரும் குடித்தனர்.

மாட் பள்ளியில் கற்றது மிகச் சிறிதே. 1868-இல், 12 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மது வணிகரின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். மதுக்குப்பிகளின் நடுவே நாளெல்லாம் நின்ற சிறுவன் முதலில் சுவை பார்த்தான், பிறகு பழகினான், பிறகு அடிமையானான். 13 வயதிலேயே அவன் பெருங்குடியன் என்று பெயரெடுத்துவிட்டான். மகன் குடித்துவிட்டு வந்ததைக் கண்டு வெகுண்ட தந்தை அவனை அந்த வேலையிலிருந்து நிறுத்தி, துறைமுகக் கழகத்தின் கிடங்கில் தம் கண்பார்வையிலேயே சேர்த்துவிட்டார். ஆனால் அந்தக் கிடங்கிலோ விஸ்கிப் பீப்பாய்கள்! எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி எரிகிற அடுப்பில் விழுந்த கதையாயிற்று.

பின்னர் மாட் கட்டட வேலைக்குச் சென்றார். கொத்தனார்களுக்குச் செங்கல்லும் சாந்தும் தோளில் சுமந்து ஏணியேறிக் கொடுக்கும் சித்தாள் வேலை அது. வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றச் சித்தாட்கள் அவரது வேகத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக மேற்பார்வையாளர்கள் அவரையே வரிசையின் முதலில் நிறுத்துவார்களாம். ஆனால் வாரக்கூலி கைக்கு வந்ததும் அது நேரே மதுக்கடைக்குச் சென்றது. கூலி தீர்ந்தால் கடன். கடன் கிடைக்காவிட்டால் சட்டையும் காலணியும் அடகுக்கடைக்குப் போயின. தம் கையில் காசிருந்தபோது நண்பர்களுக்கெல்லாம் தாராளமாக வாங்கிக் கொடுத்தார். இல்லாதபோது அவர்களிடம் கையேந்தினார்.

ஒருமுறை, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்து வந்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடி விற்று, அந்தக் காசுக்கும் குடித்துத் தீர்த்தார். ஒரு மனிதனின் ஒரே பிழைப்பைப் பறித்த இச்செயலை மாட் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

திருப்பிய நாள்

1884-ஆம் ஆண்டு. மாட்டுக்கு வயது 28. சில நாட்களாக வேலைக்குப் போகாததால் கையில் ஒரு காசும் இல்லை. கடன் கொடுக்கவும் எவரும் ஆயத்தமாக இல்லை. கூலி வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் வரும் நேரம் பார்த்து, மதுக்கடை அருகே அவர் காத்து நின்றார். தம்மிடம் எத்தனையோ முறை வாங்கிக் குடித்த நண்பர்கள் ஒருவராவது உள்ளே அழைப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. நண்பர்கள் வந்தார்கள், நலம் விசாரித்தார்கள், ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து உள்ளே சென்றார்கள். அழைத்தவர் எவருமில்லை.

அந்த நேரத்தில் அவர் நெஞ்சு குத்துண்டது. தாகத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. 16 ஆண்டுகளாகத் தாம் நட்பு என்று எண்ணியிருந்தது எத்தகையது என்பதை அந்தத் தெருமுனையில் அவர் கண்டுகொண்டார். திரும்பி வீட்டை நோக்கி நடந்தார்.

மகன் பகல் வேளையில் நிதானத்தோடு வீடு வந்தது கண்டு தாய் வியந்தார். உணவு முடிந்ததும் மாட், தாம் மதுவிலக்கு வாக்குறுதி எடுக்கப் போவதாகத் தாயிடம் கூறினார். அந்நாளில் அயர்லாந்தில் குடியை விட விரும்புவோர் ஒரு குருவின் முன் இறைவனைச் சாட்சியாக வைத்து வாக்குறுதி எடுப்பது வழக்கம். தபசு சுவாமி தியோபால்ட் மத்தேயு 1838-இல் தொடங்கி வைத்த பெரும் மதுவிலக்கு இயக்கம் அந்த வழக்கத்தை நாடெங்கும் பரப்பியிருந்தது. எலிசபெத் அம்மாள் மகனைப் பரிகசிக்கவில்லை. பழைய குற்றங்களை எடுத்துக் குத்திக் காட்டவுமில்லை. காப்பாற்றும் எண்ணம் உண்டானால் மட்டும் வாக்குக் கொடுக்கும்படி சொன்னார். அதைக் காப்பாற்றும் பலத்தை ஆண்டவர் அவனுக்கு அருள வேண்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்.

மாட், கிளான்லிஃப் என்ற இடத்திலுள்ள திருச்சிலுவைக் குருமடத்துக்குச் சென்று, ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். வாக்குறுதியும் எடுத்தார். எத்தனை காலத்துக்கு? மூன்று மாதங்களுக்கு மட்டுமே! இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதற்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், அந்த மலையைக் கண்டே அவர் மலைத்துப் போயிருக்கலாம். மூன்று மாதங்கள் என்பது கண்ணுக்கு எட்டிய தொலைவு. அது முடிந்ததும் ஆறு மாதங்களுக்கு எடுத்தார். அதன் பின்னரே வாழ்நாள் முழுவதற்குமாக வாக்களித்தார். அதன் பின் இறக்கும் நாள்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் ஒரு துளி மதுவையும் தொடவில்லை.

நாள்தோறும் நடந்த போர்

வாக்குறுதி எடுத்த அன்றே ஆசை அற்றுப்போய்விட்டது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். முதல் மூன்று மாதங்கள் அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தன. காலம் முடிந்தால் மீண்டும் குடிப்பேன் என்றுகூடத் தாயிடம் சொன்னதுண்டு. முதல் ஏழு ஆண்டுகளும் கடும் போராட்டமே என்று அவர் வரலாற்றை ஆய்ந்தோர் கூறுகின்றனர்.

இப்போரில் மாட் கையாண்ட முறைகள் எளியவை. ஆனால் அறிவு மிக்கவை. வேலை முடிந்த மாலை நேரமே அவருக்கு ஆபத்தான நேரம். அந்நேரத்தில் கால்கள் தாமாகவே மதுக்கடைப் பக்கம் திரும்பும். ஆகவே அந்த நேரத்தை அவர் வெறுமையாக விடவில்லை. பழைய கூட்டாளிகள் கால் வைக்காத இடங்களில், ஆலயங்களில், செபத்தில் அமர்ந்திருந்தார். காலையில் வேலைக்குப் போகுமுன் நாள்தோறும் திருப்பலி கண்டு நற்கருணை வாங்கினார்.

ஒருநாள் மாலை கையில் காசோடு நடந்து வந்தவரைச் சோதனை பற்றிக்கொண்டது. ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தேவிட்டார். கடைக்காரர் மற்ற வாடிக்கையாளரோடு பேச்சில் ஈடுபட்டிருந்ததால் இவரைக் கவனிக்கவில்லை. சிறிது நேரம் நின்ற மாட், சட்டென்று வெளியேறி ஓர் ஆலயத்துக்குள் போய், அதன் கதவு அடைக்கும் வரை அங்கேயே இருந்தார். அதுமுதல் வெளியே போகும்போது கையில் காசு கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தார். தம் பலவீனத்தை அறிந்தவன் அதற்கேற்ப வேலி போட்டுக்கொள்கிறான். தம்மைப் பலசாலி என்று எண்ணியிருந்தால் மாட் அன்றே விழுந்திருப்பார்.

குடியோடு வந்த மற்றப் பழக்கங்களையும் ஒவ்வொன்றாகக் களைந்தார். கெட்ட வார்த்தை வாயில் வராதிருக்க, சட்டைக் கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவை வடிவில் குத்திக்கொண்டார். நாவு தடுமாறும்போது அது கண்ணில் பட்டு நினைவூட்டும். புகைக்கும் பழக்கத்தையும் விட்டார். கடன் தந்தவர்களைத் தேடிச் சென்று ஒரு காசு விடாமல் தீர்த்தார். பிடில்காரரைத் தேடி நகரெங்கும் அலைந்தார். ஆள் அகப்படவில்லை. பிடிலின் விலையை ஆலயத்தில் கொடுத்து அம்மனிதருக்காகத் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். செய்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்யும் வரை மனச்சான்று அமைதி அடைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கூலியாளின் கல்வியும் ஈகையும்

படிப்பு அதிகமில்லாத மாட், நூல்களைத் தேடினார். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வேதாகமத்தையும் புனிதர்களின் வரலாறுகளையும் வாசித்தார். தம்மைப்போலவே தவறிச் சென்று திரும்பிய புனித அகுஸ்தீனாரின் பாவ அறிக்கை நூல் அவருக்கு உற்ற துணையாயிற்று. விளங்காத இடங்களைக் குருக்களிடம் கேட்டுத் தெளிந்தார். கிளான்லிஃப் குருமடத்தின் தத்துவப் பேராசிரியர் தந்தை மைக்கேல் ஹிக்கி பல ஆண்டுகள் அவருக்கு ஞான வழிகாட்டியாக இருந்தார். ஒரு சித்தாளும் ஒரு பேராசிரியரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகிய நட்பு அது. 1890-இல் மாட் புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார்.

பிற்காலத்தில் மாட் ஒரு மரவாடியில் வேலை செய்தார். மற்றவர் தயங்கும் கடின வேலைகளை அவர் ஏற்றார். முதலாளிகளுக்கு மரியாதை காட்டினார்; ஆனால் தலை சொறிந்து நின்றதில்லை. உடன் உழைப்பவருக்கு அநீதி நேர்ந்தால் அவர் சார்பாகப் பேசினார். 1911-இல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். 1913-இல் டப்ளின் நகரையே உலுக்கிய பெரும் கதவடைப்பின்போது மரவாடித் தொழிலாளரோடு அவரும் வெளியேறினார். சங்கம் தந்த உதவிப் பணத்தை, தாம் உழைத்துப் பெறாதது என்று கூறி முதலில் மறுத்தார். பின்னர் வாங்கிக்கொண்டாலும் மற்றத் தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுக்கச் செய்தார்.

வயதான தாயைத் தம்மோடு வைத்துக் காத்தார். 1915-இல் தாய் இறந்தபின் ஒரு சிறு அறையில் தனியே வாழ்ந்தார். பலகையே படுக்கை, மரக்கட்டையே தலையணை. உண்டது மிகச் சிறிது. மிச்சம் பிடித்ததெல்லாம் அண்டை அயலாருக்கும் அனாதைகளுக்கும் தூர நாட்டு மறைப்பணிக்கும் சென்றது. ஒரு காலத்தில் மதுக்கடை விழுங்கிய அதே கூலிதான் இப்போது ஏழைகளின் அடுப்பை எரித்தது!

அறியப்படாத மரணம்

1923-ஆம் ஆண்டு முதல் மாட்டின் இதயம் நலிவுற்றது. மருத்துவமனையில் சில காலம் கிடந்தார். 1925 ஜூன் 7, மூவொரு கடவுளின் திருநாள். திருப்பலிக்காக நடந்து சென்றவர், கிரான்பி சந்தில் சுருண்டு விழுந்து உயிர் நீத்தார். வயது 69. சுற்றி நின்றவர்களுள் அவர் யாரென்று அறிந்தவர் எவருமில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஆடைகளைக் களைந்தபோதுதான், அவர் உடலில் தவ முயற்சியாகச் சங்கிலிகளும் கயிறுகளும் கட்டியிருந்தது உலகுக்குத் தெரியவந்தது. அத்தகைய கடுந்தவம் அக்காலத்தில் தம் ஆன்ம குருவின் வழிகாட்டுதலோடு அவர் மேற்கொண்டது, நமக்கு விதிக்கப்பட்டதன்று. நாம் பின்பற்ற வேண்டியது அவரது சங்கிலியை அன்று. அதன் பின்னால் இருந்த உறுதியை.

வாழ்ந்தபோது அறியப்படாதவரின் புகழ் இறந்தபின் பரவியது. 1931-இல் அவரது வாழ்வைக் குறித்து டப்ளின் மறைமாவட்டம் விசாரணை தொடங்கியது. 1972-இல் அவரது உடல், கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்து, நகரிலுள்ள லூர்து அன்னை ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1975 அக்டோபர் 3-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். டப்ளினில் லிஃபி ஆற்றின்மீது 1978-இல் கட்டிய பாலம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், வீடற்ற ஆண்களுக்காகப் புனித வின்சென்ட் தே பவுல் சபையார் நடத்தும் இல்லத்துக்கும் அவர் பெயரே. போதைக்கு அடிமையானோர் பலர் இன்று அவரைத் தம் துணையாகக் கருதி வேண்டுகின்றனர்.

நாம் கற்பது என்ன?

மாட்டைத் திருப்பியது எது என்ற கேள்விக்கு வருவோம். நண்பர்கள் கைவிட்ட அவமானம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவமானம் எத்தனையோ பேரை மேலும் குடிக்கத் தூண்டியிருக்கிறதே! மாட்டுக்கு நேர்ந்தது வேறு. கண் திறந்த அந்த வேளையில் அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. வீட்டில் கதவைச் சாத்தாத தாய் இருந்தார். குருமடத்தில் கடிந்து விரட்டாத குரு இருந்தார். ஏறுவதற்குச் சிறியதொரு முதற்படி இருந்தது. மனம் திரும்பும் நேரமும் கை கொடுக்கும் மனிதரும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் இறையருள் வேலை செய்தது.

மாட் இறந்து 10 ஆண்டுகளுக்குப் பின், 1935-இல், அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிக்கு அடிமையான இருவர் ஒருவருக்கொருவர் துணையாகி, பெயர் சொல்லாக் குடிநோயர் கழகம் என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். ஒருவர் பங்கு வணிகர், மற்றவர் மருத்துவர். அவ்வியக்கத்தார் வாழ்நாள் முழுவதையும் எண்ணி மலைக்காமல், இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்றே ஒவ்வொரு நாளும் முடிவு செய்கின்றனர். மாட் எடுத்த மூன்று மாத வாக்குறுதியின் ஞானம் இதிலும் விளங்குகிறதன்றோ? குடியர்களைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய அக்காலத்தில், 1939-இல், அக்ரனிலுள்ள புனித தோமையார் மருத்துவமனையில் அவர்களை நோயாளிகளாக ஏற்றுக் காத்தவர் சகோதரி இக்னேஷியா என்ற கன்னிகை. அயர்லாந்தில் பிறந்தவர் அவர். 1946-இல் மாட்டின் ஊரான டப்ளினிலும் அக்கழகத்தின் கிளை தோன்றியது.

குடிப்பழக்கம் முற்றினால் அது ஒரு நோய் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் மனக் குழப்பமும் ஏற்படக்கூடும்; சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். எனவே விட விரும்புவோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கட்டாயம். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நோயுற்றோரைக் குணமாக்கிய இயேசுவின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்புத் தோழியரே, நம்முள் சிலர் மாலையானால் வாசலில் கேட்கும் காலடிக்கு அஞ்சும் வீடுகளிலிருந்து வருகிறோம். வெளியே சொல்லாமல் அதைச் சுமக்கிறோம். அப்படிப்பட்டவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இரண்டு. முதலாவது, தந்தையின் குடிக்கோ அண்ணனின் போதைக்கோ நீங்கள் காரணமல்ல. அதை நீங்கள் ஒருவராகத் தீர்க்கவும் முடியாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ கன்னியரிடமோ மனம் திறந்து சொல்லுங்கள். இரண்டாவது, நம்பிக்கையை இழக்க வேண்டாம். 16 ஆண்டுகள் மகனுக்காக வேண்டிய எலிசபெத் அம்மாளுக்கு அந்த நாள் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபோது, ஏச்சுக்கு இடம் தராமல் மகனை வாழ்த்தி வாசல்வரை அனுப்பி வைத்தார். அவன் 40 ஆண்டுகள் நடந்தான்.

வணக்கத்துக்குரிய மாட் டால்பட்டின் மன்றாட்டால், போதையின் பிடியில் சிக்கித் தவிப்போர் அனைவரும் விடுதலை பெறுவார்களாக! அவர்கள் திரும்பி வரும் நாளில், கதவைத் திறந்து வைத்திருக்கும் கைகளாக நம் கைகள் இருப்பனவாக!